லான்செட் 1998 தடுப்பூசிக் கட்டுரை விவகாரமும் ஆய்விதழ் வெளியீட்டு நெறிமுறைகளும்

லான்செட் 1998 தடுப்பூசிக் கட்டுரை விவகாரம் என்பது, இலண்டனிலிருந்து வெளிவரும் 'தி லான்செட்' என்ற மருத்துவ ஆய்விதழில் 1998 பிப்ரவரி 28 அன்று வெளியான ஒரு கட்டுரையையும், அதன் விளைவுகளையும், 2010 பிப்ரவரி 2 அன்று அக்கட்டுரை முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டதையும் குறிக்கும். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவரும் வேறு 12 பேரும் எழுதிய இக்கட்டுரை, எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் குழந்தைகளிடம் காணப்படும் ஆட்டிசம் எனும் மதியிறுக்கக் குறைபாட்டிற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பியது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் எவையும் அத்தொடர்பைக் காணவில்லை. கட்டுரையில் சொல்லப்பட்ட அடிப்படைச் செய்திகள் சில பொய் என்பதும் நிறுவப்பட்டது. ஆய்விதழ்களின் வெளியீட்டு நெறிமுறைகள் ஏன் தேவை, அவை எங்கே தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்நிகழ்வு இன்றும் முதன்மையான எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

ஆய்விதழ் நெறிமுறைகளின் தொடக்கம்

ஆய்விதழ்களின் வரலாறு 1665-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு சனவரியில் பாரிசில் தெனி தெ சல்லோ என்பவர் ஓர் இதழைத் தொடங்கினார். மார்ச் மாதத்தில் இலண்டனில் ராயல் கழகத்தின் செயலாளர் என்றி ஓல்டன்பர்க் 'பிலசாஃபிக்கல் டிரான்சாக்சன்சு' இதழை வெளியிட்டார். தொடக்கத்தில் எதை அச்சிடுவது என்பது பதிப்பாசிரியர் ஒருவரின் முடிவாகவே இருந்தது. 1752-இல் ராயல் கழகம் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழுவை அமைத்தது. 1830-களில், துறை அறிந்தோரிடம் எழுத்து வடிவில் கருத்துக் கேட்கும் வழக்கம் அக்கழகத்தில் ஏற்பட்டது. இவ்வழக்கமே இன்று சக மதிப்பாய்வு எனப்படுகிறது.

இம்முறை எல்லா இதழ்களுக்கும் உடனே பரவிவிடவில்லை. புகழ்பெற்ற 'நேச்சர்' இதழ் 1973-இல்தான் மதிப்பாய்வைக் கட்டாயமாக்கியது. 1823-இல் தாமசு வாக்லி நிறுவிய லான்செட் 1976-இல் இம்முறைக்கு மாறியது. எனவே, முறையான மதிப்பாய்வு என்பது பலரும் எண்ணுவதுபோல் மிகப் பழைய வழக்கமன்று.

மனிதர்கள்மீது நடத்தப்படும் ஆய்வுகளைப் பற்றிய நெறிகள் வேறொரு வழியாக வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-இல் நியூரம்பர்க் நெறித்தொகுப்பு உருவானது. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் எல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. 1975-இல் திருத்தப்பட்ட அப்பிரகடனம், தன் நெறிகளுக்கு மாறாக நடத்தப்பட்ட ஆய்வுகளின் முடிவுகளை வெளியீட்டிற்கு ஏற்கக் கூடாது என்றது. இதனால் ஆய்வுக்கூடத்தில் நடப்பது பற்றிய பொறுப்பில் இதழ்களுக்கும் பங்கு ஏற்பட்டது.

1978 சனவரியில் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினர். கட்டுரைகளை ஒரே வடிவில் அனுப்புவதற்கான விதிகளை வகுப்பதே அவர்கள் நோக்கம். வான்கூவர் குழு என அழைக்கப்பட்ட அவ்வமைப்பு, பின்னர் மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவாக வளர்ந்தது. யாரைக் கட்டுரையின் ஆசிரியர் எனலாம் என்பதற்கான வரையறையை அக்குழு 1985-இல் வெளியிட்டது. வடிவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியவர்கள் நேர்மையைப் பற்றிப் பேச வேண்டியவர்களானார்கள்.

பியர்சு விவகாரமும் வெளியீட்டு நெறிமுறைக் குழுவும்

1994 ஆகஸ்டில், பிரித்தானிய மகப்பேறு மருத்துவ இதழ் ஒன்றில் மால்கம் பியர்சு என்ற மருத்துவரின் இரு கட்டுரைகள் வெளியாயின. கருப்பைக்கு வெளியே வளர்ந்த கருவைக் கருப்பைக்குள் மாற்றிவைத்துக் குழந்தை பிறந்ததாக ஒரு கட்டுரை கூறியது. மற்றொன்று 191 பெண்களிடம் நடத்திய மருந்துச் சோதனையை விவரித்தது. பியர்சு பணியாற்றிய மருத்துவமனையிலேயே ஐயம் எழுந்தது. விசாரித்தபோது அத்தகைய நோயாளியும் இல்லை, அத்தகைய சோதனையும் நடக்கவில்லை என்று தெரிந்தது. 1995-இல் அவர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார்.

பியர்சு அதே இதழின் துணை ஆசிரியர்களில் ஒருவர். முதல் கட்டுரையில் இணை ஆசிரியராகப் பெயர் தந்திருந்த சாஃப்ரி சேம்பர்லின், அவ்விதழின் ஆசிரியராகவும், மகப்பேறு மருத்துவர்களின் அரச கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். ஆய்வில் பங்கேற்காமல் மரியாதைக்காகப் பெயர் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்நிகழ்வு காட்டியது. அவர் இரு பொறுப்புகளிலிருந்தும் விலகினார்.

இத்தகைய நிகழ்வுகளால் கவலையுற்ற பிரித்தானிய மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1997-இல் வெளியீட்டு நெறிமுறைக் குழுவைத் தொடங்கினர். 'கட்' இதழின் மைக்கேல் ஃபார்திங், பிரித்தானிய மருத்துவ இதழின் ரிச்சர்டு சுமித், லான்செட்டின் ரிச்சர்டு ஆர்ட்டன் ஆகியோர் அதில் முன்னின்றனர். தங்களுக்கு வந்த ஐயத்திற்குரிய கட்டுரைகளைப் பற்றிக் கூடிப் பேசி, என்ன செய்வது என முடிவெடுப்பதே தொடக்கத்தில் அக்குழுவின் பணி. அதன் முதல் வழிகாட்டி 1999-இல் வெளியானது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கு இடையில்தான் லான்செட்டில் வேக்ஃபீல்டின் கட்டுரை வெளியானது.

1998 கட்டுரை

எம்.எம்.ஆர். என்பது மூன்று நோய்களுக்கு எதிரான ஒரே தடுப்பூசி. மணல்வாரி என்று நம் ஊர்களில் வழங்கும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகியவையே அம்மூன்று. பிரித்தானியாவில் இத்தடுப்பூசி 1988 முதல் அனைத்துக் குழந்தைகளுக்கும் போடப்பட்டு வந்தது.

இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்கு வந்த 12 குழந்தைகளைப் பற்றியது வேக்ஃபீல்டு குழுவின் கட்டுரை. குடல் கோளாறும் வளர்ச்சிக் குறைபாடும் அக்குழந்தைகளிடம் ஒருங்கே காணப்பட்டதாக அது கூறியது. அவர்களுள் 8 பேருக்குத் தடுப்பூசி போட்ட பிறகே நடத்தையில் மாற்றம் தெரிந்ததாகப் பெற்றோர் கருதினர் என்றும் எழுதப்பட்டிருந்தது. தடுப்பூசிக்கும் நோய்க்கும் தொடர்பை மெய்ப்பிக்கவில்லை என்று கட்டுரையே ஒப்புக்கொண்டது.

அறிவியல் முறைப்படி பார்த்தால் இக்கட்டுரையின் வலிமை மிகக் குறைவு. 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தைகள் குழுவும் இல்லை. எம்.எம்.ஆர். தடுப்பூசியின் முதல் தவணை குழந்தைக்கு ஏறத்தாழ ஓராண்டு நிறைந்தபின் போடப்படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் இரண்டாம் வயதில்தான். இரண்டும் ஒரே பருவத்தில் வருவதால், ஒன்றால் மற்றொன்று நேர்ந்ததுபோல் தோன்றுவது இயல்பு. அதே இதழில் வெளியான ஒரு கருத்துரை இக்குறைகளைச் சுட்டிக்காட்டி எச்சரித்தது.

ஆனால், பொதுமக்களைச் சென்றடைந்தது அந்த எச்சரிக்கையன்று. கட்டுரை வெளியாவதற்கு இரு நாள் முன்பு மருத்துவமனை செய்தியாளர் கூட்டம் ஒன்றை நடத்தியது. அதில் வேக்ஃபீல்டு, ஐயம் தீரும்வரை மூன்று நோய்களுக்கும் தனித்தனி ஊசிகளைப் போடலாம் என்ற கருத்தைத் தெரிவித்தார். கட்டுரையில் இல்லாத அக்கருத்தே மறுநாள் செய்தித்தாள்களில் முதன்மை பெற்றது.

விளைவுகள்

அடுத்த சில ஆண்டுகளில் பிரித்தானியப் பெற்றோரிடையே அச்சம் பரவியது. 2001 இறுதியில், அப்போதைய பிரதமர் டோனி பிளேர் தம் கைக்குழந்தைக்கு இத்தடுப்பூசி போடப்பட்டதா என்ற கேள்விக்கு விடை கூற மறுத்தது அச்சத்தை மேலும் வளர்த்தது. இங்கிலாந்தில் 1990-களின் நடுவில் 92 விழுக்காடு அளவில் இருந்த தடுப்பூசி விகிதம், 2003-04-இல் 80 விழுக்காடாகக் குறைந்தது. தட்டம்மை மிக எளிதில் தொற்றும் நோய். அது சமூகத்தில் பரவாமல் இருக்க ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் தேவை.

இங்கிலாந்து, வேல்சு பகுதிகளில் 1998-இல் உறுதி செய்யப்பட்ட தட்டம்மை நோயாளிகள் 56 பேர் மட்டுமே. 2008-இல் அந்த எண்ணிக்கை 1,300-ஐத் தாண்டியது. 1992-க்குப் பின் பிரித்தானியாவில் தட்டம்மையால் ஏற்பட்ட முதல் இறப்பு 2006-இல் நேர்ந்தது; இறந்தவன் 13 வயதுச் சிறுவன். 2012-13-இல் வேல்சின் சுவான்சி நகரையும் சுற்றுப்புறத்தையும் தாக்கிய தொற்றில் 1,200-க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவானது. அச்சம் உச்சத்தில் இருந்த காலத்தில் ஊசி போடப்படாமல் விடப்பட்டு, அப்போது பள்ளிப் பருவத்தை எட்டியிருந்த பிள்ளைகள் அவர்களுள் பலர்.

இதற்கிடையே பிற நாடுகளின் ஆய்வாளர்கள் இக்கேள்வியைப் பேரளவில் ஆராய்ந்தனர். டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 2002-இல் வெளியான ஆய்வு, ஊசி போட்ட குழந்தைகளுக்கும் போடாத குழந்தைகளுக்கும் ஆட்டிச வாய்ப்பில் வேறுபாடு இல்லை என்றது. அந்நாட்டிலேயே 6,57,461 குழந்தைகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வும் அதே முடிவுக்கு வந்தது. 12 குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரை எழுப்பிய ஐயத்தைத் தீர்க்க இலட்சக்கணக்கான குழந்தைகளின் பதிவுகளைப் புரட்ட வேண்டியிருந்தது.

மறைக்கப்பட்ட செய்திகள்

2004 பிப்ரவரியில் 'சண்டே டைம்சு' செய்தித்தாளில் பிரையன் டியர் என்ற செய்தியாளர் எழுதிய புலனாய்வு, கட்டுரையின் பின்னணியை வெளிக்கொணர்ந்தது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முயன்ற வழக்குரைஞர் ஒருவர், கட்டுரை வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேக்ஃபீல்டை அமர்த்தியிருந்தார். அரசின் சட்ட உதவி வாரியத்திலிருந்து 55,000 பவுண்டு ஆய்வுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. ஆய்வுக்கு உட்பட்ட குழந்தைகள் சிலரின் பெற்றோர் அவ்வழக்கோடு தொடர்புடையவர்கள். இவை எவையும் லான்செட்டுக்குத் தெரிவிக்கப்படவில்லை. வழக்குப் பணிக்காக வேக்ஃபீல்டு மொத்தம் 4,35,643 பவுண்டு கட்டணம் பெற்றதாகப் பின்னர் தெரியவந்தது. தட்டம்மைக்குத் தனி ஊசியாகப் பயன்படக்கூடிய ஒன்றுக்கு 1997-இலேயே அவர் பெயரில் காப்புரிமை விண்ணப்பம் அளிக்கப்பட்டிருந்ததும் வெளியானது.

லான்செட் ஆசிரியர் ஆர்ட்டன், இந்த நலன்களின் முரண்பாடு முன்பே தெரிந்திருந்தால் தடுப்பூசி பற்றிய பகுதியை வெளியிட்டிருக்க முடியாது என்ற கருத்தைத் தெரிவித்தார். 2004 மார்ச்சில் கட்டுரையின் 13 ஆசிரியர்களுள் 10 பேர், தடுப்பூசி பற்றிய விளக்கத்தை மட்டும் திரும்பப் பெறுவதாக அறிவித்தனர். கட்டுரை அப்படியே நிலைத்திருந்தது.

விசாரணையும் திரும்பப் பெறுதலும்

பிரித்தானிய மருத்துவர்களின் பதிவையும் ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் பொது மருத்துவ மன்றம், 2007 சூலையில் வேக்ஃபீல்டு உள்ளிட்ட மூன்று மருத்துவர்கள்மீது விசாரணையைத் தொடங்கியது. 217 நாள்கள் அமர்வு நடைபெற்றது. 2010 சனவரி 28 அன்று வெளியான முடிவு, வேக்ஃபீல்டுமீது சுமத்தப்பட்ட 30-க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கூறியது. அவற்றுள் நேர்மையின்மையும் அடங்கும். தம் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகளிடம், ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்து இரத்தம் எடுத்ததும் அவற்றுள் ஒன்று.

ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 2 அன்று லான்செட் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது. குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்படாமல் வரிசையாக மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்பதும், ஆய்வுக்கு உள்ளூர் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டது என்பதும் பொய் என நிறுவப்பட்டதை இதழ் காரணமாகக் காட்டியது. அவ்வாண்டு மே 24 அன்று வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அவரோடு நீக்கப்பட்ட மூத்த மருத்துவர் சான் வாக்கர்-சுமித் மேல்முறையீடு செய்தார். மன்றத்தின் முடிவில் குறைகள் இருப்பதாகக் கூறி, உயர்நீதிமன்றம் 2012-இல் அவர்மீதான தீர்ப்பை நீக்கியது. அத்தீர்ப்பு வேக்ஃபீல்டின் நிலையை மாற்றவில்லை, கட்டுரையும் மீட்கப்படவில்லை.

2011 சனவரியில் பிரித்தானிய மருத்துவ இதழ், டியரின் கட்டுரைத் தொடரை வெளியிட்டது. மருத்துவமனைப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, முன்னர் இயல்பாக இருந்தவர்கள் என எழுதப்பட்ட 12 பேரில் 5 பேருக்கு ஊசிக்கு முன்பே வளர்ச்சி பற்றிய கவலைகள் பதிவாகியிருந்தன. கற்றதை இழக்கும் வகை ஆட்டிசம் உள்ளவர்களாகக் காட்டப்பட்ட 9 பேரில் 3 பேருக்கு ஆட்டிசம் கண்டறியப்படவே இல்லை. அவ்விதழின் ஆசிரியர் ஃபியோனா காட்லி இதைத் திட்டமிட்ட மோசடி என்றே எழுதினார். வேக்ஃபீல்டு இக்குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து மறுத்து வருகிறார்.

மீறப்பட்ட நெறிகள்

இவ்விவகாரத்தில் வெளியீட்டு நெறிமுறைகள் நான்கு வகையில் மீறப்பட்டன.

முதலாவது, நலன்களின் முரண்பாட்டை அறிவித்தல். ஆய்வாளர் பணம் பெறுவது தானாகவே குற்றமாகாது. அதை வாசகரிடம் மறைப்பதே குற்றம். வழக்குத் தொடுப்போர் தரப்பில் பணம் பெற்றவர் எழுதியது என்று தெரிந்திருந்தால், மதிப்பாய்வாளர்களும் பெற்றோரும் அக்கட்டுரையை வேறு கண்ணோடு படித்திருப்பர்.

இரண்டாவது, ஆய்வுக்கு உட்படுவோரின் நலன். குடல் உள்நோக்கிச் சோதனை, முதுகுத் தண்டு நீர் எடுத்தல் முதலியவை குழந்தைகளுக்கு வலியும் ஆபத்தும் தரக்கூடியவை. அவற்றை ஆய்வுக்காகச் செய்ய உரிய ஒப்புதல் வேண்டும்.

மூன்றாவது, தேர்வு முறையை உள்ளபடி எழுதுதல். ஒரு பள்ளியில் தேறாத 12 மாணவரை மட்டும் பொறுக்கி எடுத்து, வரிசையாக வந்த 12 பேரைச் சோதித்தோம், ஒருவரும் தேறவில்லை என்று எழுதினால் அப்பள்ளியைப் பற்றி என்ன எண்ணுவோம்? இங்கே நிகழ்ந்ததும் அத்தகையதே.

நான்காவது, இணை ஆசிரியர்களின் பொறுப்பு. பெயர் தந்த மற்ற 12 பேரும் முதல் ஆசிரியர் தொகுத்த விவரங்களை மூலப் பதிவுகளோடு ஒப்பிட்டிருந்தால் பிழைகள் அன்றே தெரிந்திருக்கும்.

தாமதத்தின் காரணங்கள்

கட்டுரை வெளியானதற்கும் திரும்பப் பெறப்பட்டதற்கும் இடையே ஏறத்தாழ 12 ஆண்டுகள் கடந்தன. சக மதிப்பாய்வின் இயல்பு இதற்கு ஒரு காரணம். மதிப்பாய்வாளர் தமக்கு அனுப்பப்பட்ட தாள்களை மட்டுமே பார்க்கிறார். நோயாளியையோ மருத்துவமனைப் பதிவேட்டையோ பார்ப்பதில்லை. கட்டுரையாளர் உண்மையே சொல்கிறார் என்ற நம்பிக்கையின்மேல் அம்முறை நிற்கிறது. அது குறைபாடுள்ள வாதத்தைக் கண்டுபிடிக்கும். துணிந்து சொல்லப்பட்ட பொய்யைக் கண்டுபிடிப்பது அரிது.

மற்றொரு காரணம், விசாரிக்கும் பொறுப்பு யாருக்கு என்ற தெளிவின்மை. 2004-இல் குற்றச்சாட்டுகள் எழுந்தபோது, ஆய்வு நடந்த நிறுவனமே தன்னை ஆராய்ந்து விடை அளித்தது. இதழிடம் நோயாளிகளின் பதிவுகளைப் பார்க்கும் அதிகாரம் இல்லை. நிறுவனத்திற்கோ தன் பெயரைக் காக்கும் எண்ணம் இருந்தது. இறுதியில் உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் ஒரு செய்தியாளரும், ஆவணங்களைக் கேட்டுப் பெறச் சட்ட அதிகாரம் கொண்ட ஒரு மன்றமும்தான்.

பின்னர் வந்த மாற்றங்கள்

வெளியீட்டு நெறிமுறைக் குழு 2009-இல், கட்டுரைகளை எப்போது, எவ்வாறு திரும்பப் பெற வேண்டும் என்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. பிழை நேர்மையானதாக இருந்தாலும், முடிவுகளை நம்ப முடியாது எனத் தெளிவானால் கட்டுரையைத் திரும்பப் பெறலாம் என்றும், ஐயம் தீராத நிலையில் வாசகரை எச்சரிக்கும் குறிப்பை வெளியிடலாம் என்றும் அது விளக்கியது. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு அதே ஆண்டில் நலன்களின் முரண்பாட்டை அறிவிக்கப் பொதுவான படிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2013-இல், கட்டுரையின் எல்லாப் பகுதிகளுக்கும் பொறுப்பேற்பதையும் ஆசிரியராகக் குறிக்கப்படுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

இதே குழு, முன்கூட்டியே பதிவு செய்யப்படாத மருந்துச் சோதனைகளின் முடிவுகளை வெளியிடுவதில்லை என்ற விதியை 2005 முதல் நடைமுறைப்படுத்தியிருந்தது. இவ்விதியின் தாக்கம் இந்தியாவிலும் உணரப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் மருத்துவச் சோதனைப் பதிவகம் 2007-இல் தொடங்கப்பட்டது. 2009 சூன் முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது.

இம்மாற்றங்களுக்கான தேர்வு 2020-இல் வந்தது. கொரோனா பெருந்தொற்றின்போது மே 22 அன்று, ஐட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய ஆய்வு ஒன்றை லான்செட் வெளியிட்டது. 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டது என்று அது கூறிக்கொண்டது. அதன் அடிப்படையில் உலக நலவாழ்வு அமைப்பு தன் சோதனையில் அம்மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் எண்களில் முரண்பாடுகளைச் சுட்டினர். தரவுகளைத் தந்த சர்ஜிசுபியர் நிறுவனம் மூலப் பதிவுகளைத் தணிக்கைக்குத் தரவில்லை. இணை ஆசிரியர்கள் மூவர் கேட்டுக்கொண்டதால் சூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 1998 கட்டுரைக்கு 12 ஆண்டுகள் ஆயின. இதற்கு ஆனவை 13 நாள்கள். எனினும், மூலத் தரவைப் பாராமலே கட்டுரையை ஏற்கும் பழைய குறை இரண்டிலும் ஒன்றே. இதன்பின், ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் மூலத் தரவை நேரில் பார்த்துச் சரிபார்த்ததாக உறுதி கூற வேண்டும் என்ற விதியை லான்செட் கொண்டுவந்தது.

இன்றைய நிலை

1998 கட்டுரை இன்றும் லான்செட்டின் இணையத்தளத்தில் உள்ளது. நெறிமுறைகளின்படி, திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை அழித்துவிடுவதில்லை. பதிவு நிலைத்திருக்க, அதன் பக்கங்களின் மீது 'திரும்பப் பெறப்பட்டது' என்ற சொல் பெரிய எழுத்தில் பொறிக்கப்படுகிறது. ஆனால், அக்கட்டுரை விதைத்த ஐயத்தை அவ்வாறு திரும்பப் பெற இயலவில்லை. தட்டம்மையை ஒழித்த நாடு என்ற தகுதியை ஐக்கிய இராச்சியம் 2017-இல் பெற்றது. தடுப்பூசி விகிதம் போதாமல் நோய் மீண்டும் பரவியதால் 2019-இல் அதை இழந்தது.